பயறுக் கொடியும் ஈரக் கையும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை நோக்கிச் செல்பவர் சாலையை விட்டுச் சற்று உள்ளே இறங்கினால், ஏலாக்களில் வாழையும் மரச்சீனியும் பயறும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். வடக்கே காட்டாக்கடை வரையிலும் ஏறத்தாழ இதே காட்சிதான். முன்னர் நெல் விளைந்த தாழ்நிலங்கள் பலவற்றில் இப்போது மண்ணை மேடாக்கி, பந்தலிட்டு, வள்ளிப்பயறு படர்த்துகின்றனர். தமிழகத்தின் பிற பகுதிகளில் காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும் வழங்கப்படும் பயிரின் நீண்ட காய் காய்க்கும் கொடி வகையே இது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் எனப் பிரிந்தபோதும், இரு பக்கத்து உழவர்களின் பயிரும் பேச்சும் பிரிந்துவிடவில்லை. பயிரைத் தாக்கும் நோயும் அவ்வாறே.

பயறு ஏன் இத்துணை விரும்பிப் பயிரிடப்படுகிறது என்பதை வங்கிக் கணக்கின் வழியே பார்த்தால் எளிதில் விளங்கும். வாழை பணம் தர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். மரச்சீனிக்கும் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். பயறோ விதைத்த 45 அல்லது 50 நாட்களில் முதற்காய் தரும். அதன்பின் இரண்டு நாளுக்கொரு முறை பறிப்பும் வரவும் உண்டு. ஆனால் பந்தற்கம்பு, கயிறு, எரு, கூலி, பாட்டத்தொகை ஆகிய செலவுகள் அனைத்தும் முதற்காய்க்கு முன்பே செய்யப்பட்டுவிடுகின்றன. முதற்சில பறிப்புகள் செலவை ஈடுகட்டுவதற்கே சரியாகும். ஆதாயம் என்பது பிற்பகுதிப் பறிப்புகளில்தான் இருக்கிறது. இலைக்கருகல் நோய் கை வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பிற்பகுதியில்தான். எதிர்பார்த்த பறிப்புகள் முடியும் முன்பே கொடி ஓய்ந்துவிட்டால், கடன் தவணை மட்டும் மிஞ்சும்.

இங்கே பேசப்படுவது பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல். சாந்தோமோனாஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா இதற்குக் காரணம். காராமணியைத் தாக்கும் இவ்வகையைப் பர்க்ஹோல்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1944இல் விவரித்துப் பெயரிட்டார். இலையில் முதலில் ஊசிமுனையளவு நீர்க்கசிவுப் புள்ளிகள் தோன்றும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அவ்விடம் எண்ணெய் பட்ட காகிதம்போல் தெரியும். சில நாட்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிப் பழுப்பாகிக் காயும். சுற்றிலும் மஞ்சள் விளிம்பு படரும். தண்டில் வெடிப்பும் காயில் ஈரப்புள்ளியும் பின்னர் வரும். பயறுக்கு இதுவே முதன்மையான நோய் என்று கூறிவிட முடியாது. அசுவினி பரப்பும் தேமல் நோயும், பூசணத்தால் வரும் பொட்டு நோய்களும், வாடலும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இலை கருகியவுடன் கடைக்காரர் கொடுக்கும் பூசண மருந்தைத் தெளிப்பவர் பலர். கார்பென்டசிம் போன்ற பூசணக்கொல்லிகளுக்குப் பாக்டீரியா கட்டுப்படாது. பணமும் போய், ஒரு வாரமும் போகும்.

பூசணத்தின் வித்துகள் காற்றில் நெடுந்தொலைவு பறக்க வல்லவை. இந்தப் பாக்டீரியாவுக்கோ அத்தகைய வித்து இல்லை. இலையின் தோலைத் துளைத்து நுழையும் வலிமையும் இல்லை. இலைத்துளை வழியாகவோ, கீறல் வழியாகவோ மட்டுமே அது உள்ளே புக முடியும். அதற்கும் இலைமேல் நீர் நிற்க வேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல அதற்கு ஒரு வாகனம் தேவை. மழைத்துளி, பாய்ச்சும் நீர், விதை, கத்தி, உடை, கை ஆகியவையே அந்த வாகனங்கள். வெப்பநிலை 28 முதல் 32 பாகை வரை இருந்தால் சாந்தோமோனாஸ் செழிக்கும். தென்கேரளத்தில் அது ஆண்டின் பெரும்பகுதி நிலவும் வெப்பமே. ஆகவே வெப்பத்தை நம்மால் மாற்ற இயலாது. மழையையும் மாற்ற இயலாது. எஞ்சிய வாகனங்கள் அனைத்தும் உழவரின் கையில் உள்ளவை. இந்நோயில் சாகுபடி முறைக்கு மருந்தைவிடக் கூடுதல் இடம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் வாகனம் விதை. காய் நல்ல விலை போகும்வரை விற்றுவிட்டு, கொடி ஓயும் காலத்தில் எஞ்சிய காய்களை முற்றவிட்டு விதையெடுப்பது பரவலான வழக்கம். தோட்டத்தில் நோய் மிகுந்திருக்கும் நேரம் அதுவே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நோயுற்ற காயிலிருந்து பாக்டீரியா விதைக்குள்ளேயே சென்று தங்கிவிடும். விதையின் மேல் பூசும் மருந்து உள்ளே இருப்பதை முற்றும் அழிப்பதில்லை. பார்வைக்கு அந்த விதை நல்ல விதையாகவே இருக்கும்.

சிறிதளவு நோய்விதையால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாக்கர், படேல் ஆகிய இருவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பீன்ஸ் பயிரில் ஒளிவட்டக் கருகல் என்னும் மற்றொரு பாக்டீரியா நோயை அவர்கள் ஆராய்ந்தனர். ஓர் ஏக்கரில் ஒரு டஜன் நோய்விதைகள் ஆங்காங்கே விழுந்திருந்தாலே, மழை வாய்த்தால் வயல் முழுதும் நோய் பரவப் போதும் என்று அவர்கள் கண்டனர். அது குளிர்விரும்பும் நோய். கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைப்பகுதித் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. நம் கடலோரத் தாழ்நிலத்து நோய் வேறு என்பதால் அந்த எண்ணை அப்படியே இங்குப் பொருத்த முடியாது. எனினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வள்ளிப்பயறுக்கு ஹெக்டேருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதும். 25 சென்ட் நிலத்துக்கு அரைக் கிலோ. அதில் ஏறத்தாழ 3,000 விதைகள் இருக்கும். நூற்றுக்கு ஒன்று நோயுற்றதாயின் 30 விதைகள். கால் ஏக்கருக்கு 30 என்பது மேற்சொன்ன அளவினும் பத்து மடங்கு!

அரைக் கிலோ விதையின் விலை மொத்தச் சாகுபடிச் செலவில் மிகச் சிறிய பகுதி. மிச்சம் பிடிக்கத் தகாத இடம் ஒன்று உண்டென்றால் அது விதைதான். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி நெய்யாற்றின்கரைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. மாலிகா, வெள்ளாயணி ஜ்யோதிகா போன்ற கொடிப்பயறு வகைகள் அங்கிருந்து வெளிவந்தவையே. சொந்த விதையை விரும்புவோருக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் இடாஹோ மாநிலம் பீன்ஸ் விதைக்குப் பெயர்பெற்றது. அங்கே பயிர்க்காலத்தில் மழை அரிது. சால் வழியே வேருக்கு மட்டும் நீர் பாய்ச்சி, இலை நனையாமல் விளைவிப்பதால் விதை நோயின்றி வருகிறது. நமக்கு மழையற்ற மாநிலம் இல்லை. ஆனால் மழை குறைந்த பருவம் உண்டு. தை, மாசி வெயிலில் காய்க்கும் பயிரில், நோயே காணாத ஐந்தாறு கொடிகளை முன்பே அடையாளம் கட்டி, இடைப்பறிப்புக் காய்களை விதைக்கென விட்டுவிட்டால், அது நம்முடைய சிறிய இடாஹோ. அக்காய்களை விற்காமல் விடுவதால் இழப்பது சில கிலோ காயின் விலை மட்டுமே.

இனி நீர். நெய்யாற்றுக் கால்வாய் நீர் எட்டும் இடங்களிலும், கிணற்று நீரை ரப்பர்க் குழாயில் இழுக்கும் இடங்களிலும், பந்தலின் மேலேயே நீரைப் பீச்சுவதைக் காணலாம். தூசி கழுவப்படும், அசுவினி விழும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அசுவினி விழுவது உண்மையே. ஆனால் ஓர் இலையிலிருந்து நான்கு இலைக்குப் பாக்டீரியாவைத் தெறிக்கச் செய்ய அதைவிடச் சிறந்த வழி இல்லை. மாலையில் பீச்சினால் இலை இரவு முழுதும் ஈரமாகவே கிடக்கும். பயிரின் அடியில் குழியிலோ சாலிலோ நீர்விடுவது, இயலாதபோது காலையிலேயே பாய்ச்சி வெயிலுக்கு முன் இலை உலர விடுவது ஆகிய இரண்டும் செலவில்லாத மாற்றங்கள். சொட்டுநீர் அமைப்பு இன்னும் மேல். அதற்கு மத்திய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு உழவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட அலகுச் செலவில் 55 விழுக்காடும், மற்றவர்களுக்கு 45 விழுக்காடும் மானியம் உண்டு. எஞ்சிய தொகைக்கு வங்கியில் தவணைக்கடன் பெறலாம்.

நீரினும் நுட்பமான வாகனம் கை. பயறு பிற காய்களைப் போன்றதன்று. இரண்டு நாளுக்கொரு முறை ஒவ்வொரு கொடியையும் ஒருவர் தொட்டே ஆக வேண்டும். ஒரு பருவத்தில் இருபது முறையேனும் மனிதக் கை முழுத் தோட்டத்தையும் தடவிச் செல்கிறது. காலைச் சந்தைக்குக் காய் சேர வேண்டும் என்பதற்காக விடியலிலேயே பறிப்பு தொடங்கிவிடும். அந்நேரத்தில் இலையில் பனி நீர் நிற்கும். நோயுற்ற இலையில் நிற்கும் அந்நீரில் பாக்டீரியா கோடிக்கணக்கில் மிதக்கும். ஈரக் கை அடுத்த கொடிக்கு நகரும். காம்பு முறிந்த இடம் புதிய வாயில். ஓர் ஓரத்தில் தொடங்கிய கருகல் பறிப்பாளர் நடக்கும் வரிசையிலேயே நீண்டு செல்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள்.

ஈரம் உலர்ந்தபின் பறியுங்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஒன்பது மணிக்குமேல் பறித்த காய்க்கு அன்றைய சந்தையில் வாங்குவோர் இருக்கமாட்டார்கள் என்பதே உழவரின் விடை. அந்த விடையில் நியாயம் இருக்கிறது. முந்தைய நாள் மாலையில் பறித்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி வைக்கலாம். எடை சிறிது குறையும், பளபளப்பும் குறையும். தோட்டத்தில் நோய் இல்லாதபோது இந்த இழப்பை ஏற்கத் தேவையில்லை. ஆனால் கருகல் தலைகாட்டியபின், மழைக்காலத்தில், இது கொடுக்கத்தக்க விலை என்றே கருதுகிறேன். விடியற்பறிப்பைத் தவிர்க்கவே முடியாதவர், நலமான வரிசைகளை முதலில் முடித்து, நோயுள்ள மூலையைக் கடைசிக்கு ஒதுக்கி, அங்கிருந்து நேரே வெளியேறிச் சோப்பிட்டுக் கை கழுவலாம். நோயுள்ள இடத்தில் பந்தற்கம்பில் ஒரு துணிக்கீற்றைக் கட்டிவைத்தால் கூலிக்கு வருபவருக்கும் அது தெரியும். தனி ஒருவரால் சந்தை நேரத்தை மாற்ற முடியாது. கூட்டாக விற்பவர்களால் முடியக்கூடும். கேரளக் காய்கனி மேம்பாட்டுக் கவுன்சிலின் கீழ் இயங்கும் சுயாச்ரய கர்ஷக சமிதிகளில் உழவர்களே சந்தையை நடத்துகின்றனர். அத்தகைய இடங்களில் மழைமாதங்களுக்கு மட்டும் கொள்முதல் நேரத்தைத் தள்ளிவைப்பது பேசிப் பார்க்கத்தக்க ஒன்று.

நெருக்கமும் உரமும் இதனோடு சேரும். பந்தலில் படர்த்துவதற்குக் குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளியே கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது. பாட்டத்தொகை உயர உயர, ஒவ்வொரு சென்டிலும் கூடுதல் கொடி ஏற்றத் தோன்றுவது இயல்பு. காற்றுப் புகாத பந்தலில் இலை நண்பகல் வரை உலராது. யூரியாவைப் பறிப்புக்குப் பறிப்பு அள்ளிப் போட்டால் இலை தழைத்து மென்மையாகி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இன்னும் அடர்த்தியாகும். பயறு தன் வேர்முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் பயிர். பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து மட்டுமே. கணக்கிட்டால் சென்டுக்குச் சுமார் 175 கிராம் யூரியா. 25 சென்டுக்கு நான்கரைக் கிலோவுக்கும் குறைவு. மண் பரிசோதனை முடிவைப் பொறுத்து இது மாறலாம். ஆயினும் மூட்டைக்கணக்குக்கு இங்கே இடமே இல்லை. செம்புறை மண்ணின் புளிப்பைப் போக்க ஹெக்டேருக்கு 250 கிலோ சுண்ணாம்பு இடுவது இதனினும் தேவையான செலவு.

இவ்வளவும் கவனித்தும் நோய் வந்துவிட்டால், மருந்து. தாமிர மருந்துகள் பாக்டீரியாவின் பெருக்கத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் நோய் தொடங்கும்போது தெளித்தால்தான் பயன். இலைக்குள் புகுந்துவிட்டதை அவை தொடுவதில்லை. சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் பொடியை லிட்டருக்கு 20 கிராம் கலந்து தெளிப்பது கேரளத்தில் பழக்கமானது. (மேலே கண்ட ஒளிவட்டக் கருகலை உண்டாக்குவதும் சூடோமோனாஸ் பேரினத்தைச் சேர்ந்ததே. ஒரே குடும்பத்தில் பகையும் நட்பும்.) தெளிக்கும்போது மற்றொன்றையும் எண்ண வேண்டும். இரண்டு நாளுக்கொரு முறை பறிக்கும் பயிரில், மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே உறையில் குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடித்தால் சில பறிப்புகள் வீணாகும். கடைப்பிடிக்காவிட்டால் அம்மருந்து உண்பவரின் தட்டுக்குப் போகும். காய்கறிகளில் மருந்து எச்சத்தை ஆராயும் ஆய்வகம் வெள்ளாயணியிலேயே இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடைகளில் சிறு உறைகளில் விற்கப்பட்டு, பாக்டீரியா நோய் என்றவுடன் பலரும் நினைவுகொள்ளும் மருந்து அது. ஸ்ட்ரெப்டோமைசின் மனிதரின் காசநோய்க்குப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாடிக். தோட்டத்தில் தெளிக்கத் தெளிக்க, அதற்கு அடங்காத பாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் பெருகும். அந்தத் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறவும் கூடும். 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட வரைவு ஆணை, வேளாண்மையில் இக்கலவையின் பயன்பாட்டை 2024 தொடக்கத்தோடு நிறுத்த முன்மொழிந்தது. கேரள அரசும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளுக்கு எதிரான செயல்திட்டத்தை 2018 முதல் நடத்தி வருகிறது. பயறுக்காக இம்மருந்தை நாடாதிருப்பதே நல்லது. இலை கருகியது எதனால் என்பதை முதலில் கிருஷி பவனில் காட்டித் தெளிவுபெறலாம். நோய் புதிதாகத் தொடங்கிய இலைகளைக் காகித உறையில் கொண்டு செல்வது நல்லது. பிளாஸ்டிக் பையில் அவை வழியிலேயே அழுகிவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது நிலத்தைப் பற்றியது. நோயுற்ற சருகு மேற்பரப்பில் கிடந்தால் பாக்டீரியா அதில் நீண்ட நாள் உயிரோடிருக்கும். புதைத்தால் சருகோடு விரைவில் மடியும். பழைய ஏலா முறையில் இரண்டு போகம் நெல், பின்னர் கோடையில் பயறு. நெல்லுக்காகத் தேங்கும் நீரே பயற்றுச் சருகை மக்கச்செய்துவிடும். அம்முறையை வகுத்தவர்கள் பாக்டீரியாவை நினைத்து வகுக்கவில்லை. ஆனால் அதன் பயன் அப்படி அமைந்தது. மரச்சீனிக்கு இடையே குத்துப்பயறு விதைக்கும் வழக்கமும் அவ்வாறே. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் மரச்சீனியோடும் மக்காச்சோளத்தோடும் காராமணியைக் கலந்து பயிரிட்டு, கருகலில் அதன் விளைவை ஆராய்ந்திருக்கின்றனர். இடையில் நிற்கும் வேற்றுப்பயிர் தெறிக்கும் துளியை மறிக்கும் என்பதே அதன் அடிப்படை. மரச்சீனிக்கும் ஒரு சாந்தோமோனாஸ் நோய் உண்டு. ஆனால் அது வேறு வகை. பயறுக்குத் தாவாது.

இன்றோ பயறு விளைவிப்போர் பலர் பாட்டநிலத்தில் உழைப்பவர்கள். ஓராண்டுக்கு மட்டும் நிலத்தைப் பெற்றவர், பயறு எடுத்த இடத்தில் வேற்றுப்பயிர் வைத்து ஓய்வு கொடுப்பது எங்ஙனம்? அந்த ஓய்வின் பலன் அடுத்த பாட்டக்காரருக்குப் போகும். பயறுக்குப் பின் பயறே விதைப்பதை அறியாமை என்று சொல்வது பொருந்தாது. அவருடைய ஒப்பந்தத்தின் காலஅளவு அதைத்தான் அனுமதிக்கிறது. மூன்றாண்டுக்குப் பாட்டம் பேசுபவர், ஒரு பகுதியில் பயறும் மற்றொரு பகுதியில் வெண்டையோ பாகலோ மரச்சீனியோ வைத்து ஆண்டுதோறும் இடம் மாற்ற முடியும்.

உழவர் கடன் அட்டை சொந்த நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று. பாட்ட உழவர்களும், வாய்மொழிப் பாட்டக்காரர்களும், வாரத்துக்கு உழைப்பவர்களும் அதற்குத் தகுதியுடையவர்களே. நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழுவாகவும் கடன் பெறலாம். குழுவாகச் சேர்வதில் வட்டிக்கணக்கைத் தாண்டிய நன்மையும் உண்டு. அடுத்தடுத்த பந்தல்களின் உரிமையாளர்கள் ஒரே குழுவில் இருந்தால், விதையை ஒருங்கே வாங்கலாம். ஒருவர் தோட்டத்தில் கருகல் கண்ட அன்றே மற்றவர் அறியலாம். சருகை எல்லாரும் ஒரே வாரத்தில் புதைக்கலாம். அண்டைத் தோட்டத்துச் சருகு அப்படியே கிடக்க, தன் சருகை மட்டும் புதைத்தவருக்கு முழுப் பயன் கிடைப்பதில்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு, அறிவிக்கப்பட்ட வானிலை நிலையத்தில் பதிவாகும் மழை, வெப்பம் முதலியவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. தோட்டத்தில் எத்தனை கொடி கருகியது என்று யாரும் வந்து எண்ணுவதில்லை. மிகுமழை பதிவான பருவத்தில் தொகை வரலாம். நோய்விதையாலும் ஈரக் கையாலும் வந்த கருகலுக்கு, மழைமானி இயல்பாகவே காட்டியிருந்தால், எதுவும் வராது. கடன் விண்ணப்பத்தின்போதே உங்கள் ஊராட்சிக்குரிய நிலையம் எது, பயறு அப்பருவத்துக்கு அறிவிக்கப்பட்டுள்ளதா, சேர்வதற்குக் கடைசி நாள் எது என்பவற்றைக் கிளையிலோ கிருஷி பவனிலோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.